விவாகரத்தில் ஜீவனாம்சம்: எப்படி முடிவாகிறது, எப்போது மாறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜீவனாம்சம் பற்றி நம் ஊரில் இரண்டு நம்பிக்கைகள் பலமாக வேரூன்றியிருக்கின்றன. கணவன் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ஒன்று. மனைவி வேலைக்குப் போனால் ஒரு பைசாகூடக் கிடைக்காது என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. இவற்றை நம்பிக்கொண்டு பெண் வீட்டாரும் பையன் வீட்டாரும் எடுக்கும் முடிவுகளால்தான் பாதி வழக்குகள் இழுக்கின்றன. தமிழ்நாட்டில் குடும்ப நல நீதிமன்றப் படியேறுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொகையை முடிவு செய்வது யார் பக்கம் நியாயம் என்பதைவிட, யார் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதுதான்.

ஜீவனாம்சம் கேட்க எந்தச் சட்டத்தின் கீழ் மனு போட வேண்டும்?

வழி ஒன்றல்ல, பல உண்டு. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தால், இந்து திருமணச் சட்டம் 1955-இன் 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். நிரந்தர ஜீவனாம்சம் 25-ஆம் பிரிவில் வருகிறது. இதைத் தீர்ப்பின்போதும் கேட்கலாம், தீர்ப்பு வந்த பிறகும் கேட்கலாம். "விவாகரத்து ஆகிவிட்டது, இனிமேல் கேட்க முடியாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

விவாகரத்து வழக்கே இல்லாமல் கேட்பதற்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகியிருக்கிறது. எண்தான் மாறியது, சாரம் அதேதான். நீதிமன்றத்தில் இதை இன்றும் 'எம்.சி. கேஸ்' (மெயின்டனன்ஸ் கேஸ், அதாவது ஜீவனாம்ச வழக்கு) என்றுதான் சொல்வார்கள். மனைவி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பிள்ளைகள், வயதான பெற்றோர் என எல்லோருக்கும் பொதுவான பிரிவு இது. மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம் என்பது இதில் பெரிய வசதி.

இவை தவிர, குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன் 20-ஆம் பிரிவில் பண நிவாரணம் உண்டு. விவாகரத்து கேட்காமல் பிரிந்து வாழும் இந்து மனைவிக்கு, 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு இருக்கிறது. ஜாதி மறுத்துத் திருமணம் செய்து, சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு அந்தச் சட்டத்தின் 36, 37-ஆம் பிரிவுகள்.

நாலு சட்டத்திலும் ஒரே நேரத்தில் போட்டால் நாலு மடங்கு கிடைக்குமா?

கிடைக்காது. மனு போடத் தடையில்லை. ஆனால் ஒரு வழக்கில் வந்த உத்தரவை அடுத்த வழக்கில் சொல்லியே ஆக வேண்டும். முதல் தொகையைக் கழித்துக்கொண்டோ சரிக்கட்டியோதான் இரண்டாவது நீதிமன்றம் உத்தரவிடும். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 அன்று சொன்ன தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. ஜீவனாம்ச வழக்கில் இருக்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான். கீழே பல இடங்களில் திரும்ப வரும்.

சம்பளத்தில் 25 சதவீதம் என்கிறார்களே, அது சட்டமா?

சட்டத்தில் எந்தச் சதவீதமும் எழுதப்படவில்லை. இந்த 25 எங்கிருந்து வந்தது என்றால், 2017-இல் கல்யாண் டே சௌத்ரி வழக்கில், கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமான அளவாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1970-இல் வந்த ஒரு பழைய தீர்ப்பைப் பின்பற்றிச் சொன்ன வார்த்தை அது. ஆனால் அதே வழக்கில், கணவன் மறுமணம் செய்து அந்தக் குடும்பத்தையும் காப்பாற்ற வேண்டியிருந்ததால், உயர் நீதிமன்றம் கொடுத்த 23,000 ரூபாயை 20,000 ஆகக் குறைத்தார்கள். எனவே 25 சதவீதம் என்பது பேச்சைத் தொடங்க ஒரு இடம். அங்கிருந்து தொகை மேலேயும் போகும், கீழேயும் வரும்.

நீதிபதி பார்ப்பவை இவை: இருவரின் வருமானமும் சொத்தும், திருமண வாழ்க்கையில் இருந்த வாழ்க்கைத் தரம், எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள், வயது, உடல்நிலை, படிப்பு, பிள்ளைகள் யாரிடம் வளர்கிறார்கள், குடும்பத்துக்காக மனைவி வேலையை விட்டாரா, கணவனை நம்பி வேறு யார் இருக்கிறார்கள், மனைவிக்குத் தங்க இடம் இருக்கிறதா. இதில் 'வேலையை விட்டாரா' என்பதைப் பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். பிரசவத்துக்காக வேலையை விட்டு, பிள்ளையை வளர்த்து, 10 வருடம் கழித்து வேலை தேடும் பெண்ணுக்குப் பழைய சம்பளம் கிடைக்காது. பழைய நியமனக் கடிதமும் ராஜினாமா கடிதமும் வீட்டில் எங்காவது இருக்கும், தேடி எடுங்கள்.

அண்மைக் காலத்தில் பெரிய தொகைகளும் செய்தியாகின. 2024 டிசம்பரில் பிரவீன் குமார் ஜெயின் வழக்கில் மனைவிக்கு 5 கோடி, மகனுக்கு 1 கோடி. அதே மாதம் ரிங்கு பாஹேத்தி வழக்கில் 12 கோடி. அந்த இரண்டாவது தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு விஷயம் தலைப்புச் செய்திக்கு அடியில் போய்விட்டது: பிரிந்த பிறகு கணவன் எவ்வளவு வளர்ந்தாலும், அவருடைய செல்வத்துக்குச் சமமாக மனைவிக்கும் கொடுக்க வேண்டும் என்பதற்காக ஜீவனாம்சம் இல்லை. அவர் திருமணத்தின்போது வாழ்ந்த தரத்துக்குக் குறையாமல் வாழ வழி வேண்டும், அவ்வளவுதான்.

சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் என்று ஒன்று கேட்கிறார்கள். அது என்ன?

வழக்கின் முதுகெலும்பே அதுதான். ரஜ்னேஷ் தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்சம் கேட்பவரும் கொடுக்க வேண்டியவரும் தங்கள் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் எழுதி, சத்தியம் செய்து தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த்தரப்புக்குக் கொடுக்கப்படும் காலம் அதிகபட்சம் 4 வாரம். இரண்டு வாய்ப்புக்கு மேல் தரக்கூடாது. வேண்டுமென்றே இழுத்தடித்தால் எதிர்வாதத்தையே நீக்கிவிடலாம். விவசாயக் குடும்பங்களுக்குத் தனிப் படிவம் உண்டு. எவ்வளவு நிலம், என்ன பயிர், பாசன வசதி உண்டா, ஆடு மாடு எத்தனை என்பதுவரை அதில் கேட்கிறார்கள். 'எனக்குச் சம்பளமே கிடையாது, வெள்ளாமைதான்' என்று சொல்லித் தப்பிக்கும் வழி இதனால் பெரிதும் அடைபட்டது.

இதை எப்படி நிரப்புவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாதச் செலவு என்ற இடத்தில் "ரூ.40,000" என்று ஒற்றை வரியில் எழுதி நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிரித்துக் கேட்கும்போது பதில் வராது. அதற்குப் பதில், வீட்டு வாடகை, மளிகை, பால், கேஸ் சிலிண்டர், கரண்டு பில், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வேன் கட்டணம், டியூஷன், அம்மாவின் சர்க்கரை மாத்திரை என்று தனித்தனியாக எழுதுங்கள். ரசீது இருப்பதற்கு ரசீது, ஜி-பே செய்ததற்கு அதன் பதிவு. மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே போதும், அந்த நோட்டை யாராலும் அசைக்க முடியாது.

கணவன் தரப்புக்கும் இதையேதான் சொல்வேன். அம்மா அப்பாவின் மருத்துவச் செலவு, தங்கையின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் உண்மையென்றால் ரசீதோடு காட்டுங்கள். ஒளிக்காதீர்கள். சத்தியம் செய்த பத்திரத்தில் பொய் சொன்னது தெரிந்தால் பொய்ச் சாட்சிய நடவடிக்கை வரலாம். அதற்கு முன்பே இன்னொன்று நடந்துவிடும்: ஒரு இடத்தில் பொய் சொன்னவரின் மற்ற கணக்குகளையும் நீதிபதி நம்பமாட்டார்.

சம்பளம் 80,000 என்றாலும் பிடித்தம் போகக் கையில் 50,000தான் வருகிறது. எதைக் கணக்கில் எடுப்பார்கள்?

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். கோயம்புத்தூரில் தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு மொத்தச் சம்பளம் 80,000 என்று வைத்துக்கொள்வோம். வருமான வரியும் பி.எஃப்.பும் 8,000. பெர்சனல் லோன் தவணை 15,000. அவராகப் போட்டுக்கொண்ட சீட்டும் இன்சூரன்சும் 7,000. கையில் வருவது 50,000. "என் வருமானம் 50,000தான்" என்பார் அவர். நீதிமன்றம் அப்படிப் பார்க்காது. சட்டப்படி கட்டாயமாகப் பிடிப்பவற்றை மட்டும் கழித்து, 72,000 என்றுதான் எடுக்கும். தானாக வாங்கிய கடனும் தானாகச் செய்யும் சேமிப்பும் மனைவி மக்களின் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும்.

72,000-இல் 25 சதவீதம் என்றால் 18,000. மனைவிக்கு ஒரு துணிக்கடையில் 12,000 சம்பளம் வருகிறது, பள்ளிக்கூடம் போகும் மகள் அவரிடம் இருக்கிறாள் என்றால், மனைவிக்கான தொகை கொஞ்சம் இறங்கும், மகளுக்குத் தனியாக ஒரு தொகை சேரும். முடிவான எண் இதுதான் என்று எந்த வக்கீலாலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. அப்படி உறுதி கொடுக்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

வீட்டுக் கடன் மட்டும் சற்று வேறு கதை. அந்த வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் குடியிருந்து, தவணையைக் கணவன் கட்டிக்கொண்டிருந்தால், அதைக் கணக்கில் எடுத்துத்தான் தொகையை வைப்பார்கள்.

வழக்கு போட்டதும் அவர் வேலையை விட்டுவிட்டார். இப்போது என்ன செய்வது?

இது நிறைய நடக்கிறது. நீதிபதிகளுக்கும் தெரியும். உடல் வலுவுள்ள ஆண், வேலை இல்லை என்ற காரணத்தைச் சொல்லிக் கடமையிலிருந்து விலக முடியாது. கூலி வேலை செய்தாவது மனைவியையும் மைனர் பிள்ளைகளையும் காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் அஞ்சு கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. படிப்பு, அனுபவம், கடைசியாக வாங்கிய சம்பளம் இவற்றை வைத்து அவரால் எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்று நீதிமன்றமே ஒரு வருமானத்தை ஊகிக்கலாம்.

சொந்தத் தொழில் செய்பவர் கணக்கில் நஷ்டம் காட்டினால், அவருடைய வாழ்க்கையைக் காட்டுங்கள். கார், கிரெடிட் கார்டு செலவு, பிள்ளை படித்த பள்ளி, ஜி.எஸ்.டி. பதிவு, கடை வாடகை ஒப்பந்தம். வங்கிப் பதிவுகளையும் சம்பள விவரத்தையும் வரவழைக்கச் சொல்லி நீதிமன்றத்திலேயே மனு போடலாம்.

மனைவி படித்தவர், வேலைக்கும் போகிறார். ஆனாலும் கொடுக்க வேண்டுமா?

வேலைக்குப் போகிறார் என்பதாலேயே உரிமை போய்விடாது. அந்த வருமானத்தில் பழைய தரத்தில் வாழ முடியுமா என்பதே கேள்வி. 'காப்பாற்றிக்கொள்ள முடியாதவர்' என்றால் நடுத்தெருவில் நிற்க வேண்டும் என்று பொருளில்லை என்பதை 2007-இல் சதுர்புஜ் எதிர் சீதா பாய் வழக்கு நிலைநாட்டியது. சம்பாதிக்கத் தகுதி இருப்பதும், உண்மையில் சம்பாதிப்பதும் வெவ்வேறு என்று ஷைலஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மறுபக்கமும் உண்டு. கணவனுக்கு இணையாகவோ அதிகமாகவோ சம்பாதிக்கும் மனைவிக்குத் தனக்கென்று ஜீவனாம்சம் மறுக்கப்படுவதும் சகஜம். வேலையில் இருந்துகொண்டு "இல்லத்தரசி" என்று மனுவில் எழுதி, பிறகு பி.எஃப். கணக்கு வெளியே வந்தால், கிடைக்க வேண்டியதும் கிடைக்காமல் போகும். நியாயமான கோரிக்கையைப் பொய் கலந்து கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று மன்றாடித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கணவன் மனைவியிடம் ஜீவனாம்சம் கேட்கலாமா?

இந்து திருமணச் சட்டத்தில் கேட்கலாம், 24, 25 இரண்டு பிரிவுகளும் இருவருக்கும் பொது. உடல்நலம் கெட்டு, வேறு வழியில்லை என்று நிரூபித்தால் கிடைக்கும், சும்மா இருப்பவருக்குக் கிடைக்காது. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் 144-ஆம் பிரிவிலும் கணவனுக்கு அந்த உரிமை இல்லை.

முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு?

விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் 125-ஆம் பிரிவு பொருந்தும் என்ற 1985-ஆம் ஆண்டின் ஷா பானு தீர்ப்பு, அதற்கு எதிர்வினையாக வந்த 1986-ஆம் ஆண்டுச் சட்டம், இத்தா காலத்துக்குள் (விவாகரத்துக்குப் பின் மனைவி காத்திருக்கும் காலம்) எதிர்காலம் முழுவதற்குமான நியாயமான ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்ற 2001-ஆம் ஆண்டின் டேனியல் லத்தீஃபி தீர்ப்பு என்று நீண்ட வரலாறு இதற்கு உண்டு. 2024 ஜூலை 10 அன்று, விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் 125-ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம். கணவன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இடைக்காலத் தொகை கூடாது என்று அதில் இருந்த வரம்பு 2001-இல் நீக்கப்பட்டது.

தீர்ப்பு வர வருடக்கணக்காகுமே, அதுவரை என்ன செய்வது?

அதற்குத்தான் இடைக்கால மனு. நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போகும் என்பது தெரிந்ததே. ரஜ்னேஷ் தீர்ப்பு 4 முதல் 6 மாதத்துக்குள் முடிக்கச் சொன்னது. ஆறுதல் தரும் விஷயம் ஒன்று உண்டு: உத்தரவு எப்போது வந்தாலும், தொகை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். அதனால் "பேசிப் பார்ப்போம், பெரியவர்களை வைத்துப் பார்ப்போம்" என்று மாதங்களைத் தள்ளிப்போடுவதில் நஷ்டம் இருக்கிறது. மனுவைப் போட்டுவிட்டும் பேசலாம். சமரச மையத்துக்கு அனுப்புவதே நீதிமன்றம்தான்.

அவள்தான் வீட்டைவிட்டுப் போனாள். அப்படியும் நான் கொடுக்க வேண்டுமா?

போனதற்குப் போதிய காரணம் இருந்ததா என்பதைத்தான் பார்ப்பார்கள். அடி, குடி, வரதட்சணைத் தொல்லை, இன்னொரு பெண்ணோடு தொடர்பு என்று காரணம் இருந்தால் பிரிந்து வாழ்வது உரிமை மறுக்கும் குற்றமல்ல. சேர்ந்து வாழச் சொல்லிக் கணவன் தீர்ப்பே வாங்கியிருந்தாலும், அதை மனைவி ஏற்காதது மட்டுமே ஜீவனாம்சத்தை மறுக்கப் போதாது என்று 2025 ஜனவரியில் ரீனா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவி விலகிப் போனார் என்ற காரணத்தாலேயே விவாகரத்து கிடைத்திருந்தாலும், அதன்பின் அவர் 125-ஆம் பிரிவில் கேட்கலாம் என்று 2000-ஆம் ஆண்டிலேயே ரோஹ்தாஷ் சிங் வழக்கு சொல்லியிருக்கிறது.

தகாத உறவு என்ற குற்றச்சாட்டை மனுவில் எழுதுவது சுலபம், நிரூபிப்பது கடினம். 144-ஆம் பிரிவில் தொடர்ந்து அப்படி வாழ்கிறார் என்று காட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு "குட் மார்னிங்" அதற்குப் போதாது. ஆதாரம் இல்லாமல் இதைச் சுமத்துவது வழக்குக்கும் உதவாது, பிள்ளைகள் மனதில் ஆறாத காயத்தையும் உண்டாக்கும்.

நகையையும் சீர் சாமானையும் திருப்பிக் கொடுத்துவிட்டோமே, அது போதாதா?

போதாது. நகையும் சீரும் பெண்ணின் சொந்தச் சொத்து. 1985-இல் பிரதிபா ராணி வழக்கிலேயே இது முடிந்துபோன விஷயம். அவருடையதை அவரிடம் கொடுத்ததை ஜீவனாம்சக் கணக்கில் சேர்க்க முடியாது.

மொத்தமாக வாங்குவது நல்லதா, மாதாமாதம் வாங்குவது நல்லதா?

கொடுப்பவரின் குணத்தையும் வேலையையும் பொறுத்தது. நிலையான அரசு வேலையில் இருப்பவர் என்றால் மாதத் தொகையை வசூலிக்க வழி இருக்கிறது. தொழிலில் ஏற்ற இறக்கம் உள்ளவர், அடிக்கடி ஊர் மாறுகிறவர், இன்றைக்குக் கையில் பணம் இருக்கிறது என்றால் மொத்தத் தொகை பாதுகாப்பு. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி போனைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் வேதனையும் இருக்காது. ஆனால் மொத்தமாக வாங்கிய பின், விலைவாசி ஏறியது என்று மீண்டும் போய் நிற்பது மிகக் கடினம். பிள்ளையின் எதிர்காலச் செலவு, மருத்துவம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் எண்ணைச் சொல்ல வேண்டும்.

வருமான வரியில், மொத்தமாக வரும் தொகை மூலதன வரவு என்றும், மாதத் தொகை வருமானம் என்றும் 1983-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் பிரித்தது. இன்றும் அதையே பின்பற்றுகிறார்கள். கொடுப்பவருக்கு எந்த வரிச் சலுகையும் இல்லை.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் ஒரு எச்சரிக்கை. முதல் மனுவின்போது ஒரு பகுதி, இரண்டாவது முறை நீதிபதி முன் நிற்கும்போது மீதி என்று டிமாண்ட் டிராஃப்டாக வாங்குவதே வழக்கம். "தீர்ப்பு வந்ததும் தருகிறேன்" என்ற வாய் வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

"எனக்கு ஜீவனாம்சமே வேண்டாம், ஆளை விட்டால் போதும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி கேட்கவே முடியாதா?

கேட்கலாம். 144-ஆம் பிரிவு உரிமையை ஒப்பந்தம் போட்டு அழித்துவிட முடியாது என்ற பார்வை நீதிமன்றங்களில் உண்டு. பரஸ்பர சம்மதத்தில் பிரிந்த பெண்ணும் இந்த உரிமை உடையவர்தான் என்று 1995-இல் வனமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் நியாயமான தொகையை முழுமையாக வாங்கிக்கொண்டு, பிறகு மீண்டும் வந்தால், வாங்கிய தொகையைப் பற்றி நீதிபதி கேள்வி கேட்கத்தான் செய்வார். பிள்ளைகளின் உரிமையை எந்தப் பெற்றோரும் எழுதிக் கொடுக்க முடியாது.

ஒருமுறை உத்தரவு வந்துவிட்டால் தொகையை மாற்ற முடியாதா?

முடியும். இருவரில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். இந்து திருமணச் சட்டத்தில் 25-ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, புதிய குற்றவியல் நடைமுறையில் 146-ஆம் பிரிவு (பழைய 127), குடும்ப வன்முறைச் சட்டத்தில் 25-ஆம் பிரிவு. எல்லாவற்றுக்கும் நிபந்தனை ஒன்றுதான்: உத்தரவு வந்த பிறகு சூழ்நிலை மாறியிருக்க வேண்டும். உத்தரவுக்கு முன்பே இருந்து, அப்போது சொல்ல மறந்த விஷயத்தை இப்போது காரணமாகக் காட்ட முடியாது. அதற்கு மேல்முறையீடுதான் வழி.

என்னென்ன மாற்றம் செல்லும்? வேலை போனது, பக்கவாதம் மாதிரி பெரிய நோய், ஓய்வு பெற்றது, சம்பளக் கமிஷனில் ஊதியம் கூடியது, மனைவிக்கு நிரந்தர வேலை கிடைத்தது, பிள்ளை கல்லூரியில் சேர்ந்தது, வாடகை கூடியது. ஓய்வு பெற்றதும் தொகை தானாகக் குறையும் என்று நினைக்க வேண்டாம். ஷமீமா ஃபாரூக்கி வழக்கில், கணவன் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றதைச் சொல்லி உயர் நீதிமன்றம் 4,000 ரூபாயை 2,000 ஆக்கியது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் 4,000 ஆக்கியது.

பலரும் இடறி விழும் இடம் இதுதான். வேலை போய்விட்டது, மனு போடாமலே பணம் அனுப்புவதை நிறுத்திவிடுகிறார். ஒரு வருடம் கழித்து வாரண்ட் வந்த பிறகு வக்கீலைத் தேடுகிறார். பழைய உத்தரவு ரத்தாகும்வரை ஒவ்வொரு மாதமும் பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும். விஜிகுமாரி வழக்கில் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுவே: மாற்ற உத்தரவு இனி வரும் காலத்துக்குத்தான் செல்லும், ஏற்கனவே கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. எனவே வேலை போன அந்த மாதமே, பணி நீக்கக் கடிதத்தோடு மனுவைப் போடுங்கள். முடிந்ததைப் பாதியாவது அனுப்பிக்கொண்டே இருங்கள். 20,000-க்கு 8,000 அனுப்பியவருக்கும், போனை ஆஃப் செய்துவிட்டவருக்கும் நீதிபதி பார்வையில் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

விலைவாசி ஏற ஏற ஒவ்வொரு முறையும் மனு போட வேண்டுமா?

உத்தரவிலேயே உயர்வைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். ராக்கி சாதுகான் வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாதம் 50,000 ரூபாயும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வும் கொடுத்தது. முன்பிருந்த தொகை 20,000. சமரச மையத்தில் பேசி முடிக்கும்போதும் இந்த ஒரு வரியை எழுதிச் சேர்த்துவிட்டால் பின்னால் பல வாய்தாக்கள் மிச்சம்.

மறுமணம் செய்துகொண்டால்?

ஜீவனாம்சம் பெறும் மனைவி மறுமணம் செய்தால், அதைக் காட்டித் தொகையை நிறுத்தக் கேட்கலாம், நின்றுவிடும். பிள்ளைகளின் தொகை நிற்காது. கணவன் மறுமணம் செய்தால் முதல் மனைவிக்கான கடமை போகாது. புதிய குடும்பத்தின் செலவைச் சொல்லிக் குறைக்கக் கேட்கலாம், அவ்வளவுதான்.

உத்தரவு இருக்கிறது, பணம் வரவில்லை. என்ன வழி?

144-ஆம் பிரிவு உத்தரவு என்றால் நிறைவேற்று மனு போட வேண்டும். வாரண்ட் போட்டு வசூலிப்பார்கள். அப்படியும் கட்டாவிட்டால், கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை. ஜெயிலுக்குப் போனதால் பாக்கி தீர்ந்துவிடாது என்று 1989-இலேயே குல்தீப் கௌர் வழக்கில் சொல்லியாயிற்று. இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். "மொத்தமாகச் சேரட்டும், பிறகு பார்ப்போம்" என்று மூன்று வருடம் விட்டவர்கள் இந்த வழியில் இரண்டு வருடத் தொகையை இழக்கிறார்கள்.

விவாகரத்து வழக்கில் வந்த உத்தரவை உரிமையியல் தீர்ப்பு போல நிறைவேற்றலாம், சம்பளத்தை ஜப்தி செய்யலாம். சாதாரணக் கடனுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு இங்கே கிடையாது. ஜீவனாம்சத் தீர்ப்பு என்றால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே ஜப்திக்கு அப்பாற்பட்டது. குடும்ப வன்முறைச் சட்டத்தில், சம்பளத்திலிருந்து நேரடியாகக் கட்டச் சொல்லி முதலாளிக்கே உத்தரவிட முடியும்.

அவர் வெளிநாட்டில் இருக்கிறார். அங்கே சம்பளம் அதிகம், செலவும் அதிகம் என்கிறார்.

பிரமாணப் பத்திரத்திலேயே வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான பகுதி உண்டு. என்ன வேலை, அந்நாட்டு நாணயத்தில் எவ்வளவு வருமானம், அங்கே வாழ்க்கைச் செலவு எவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். இரண்டையும் பார்த்துத்தான் தொகை வரும். டாலரை ரூபாயாக மாற்றிப் பெருக்கிக் காட்டுவதும் சரியல்ல, செலவை மட்டும் டாலரில் காட்டுவதும் சரியல்ல.

வக்கீல் வைக்கப் பணமே இல்லை. நான் எங்கே போவது?

சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவுப்படி, எந்தப் பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. பிள்ளைகளுக்கும் உண்டு. ஆண்களுக்கு வருமான வரம்பு போன்ற தகுதிகள் பார்க்கப்படும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் நேரில் கேட்கலாம், 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். போகும்போது ஆதார், திருமணப் பதிவுச் சான்று அல்லது பத்திரிகையும் போட்டோவும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அவருடைய சம்பளச் சீட்டு ஒன்றாவது கிடைத்தால் அது, உங்கள் வங்கிப் புத்தகம், செலவு எழுதிய நோட்டு எல்லாவற்றையும் இரண்டு இரண்டு நகலாக எடுத்துக்கொள்ளுங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.